அச்சகக் கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்றினால் பேஜ்மேக்கர் ஓடுமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், பில் புக் எல்லாம் பேஜ்மேக்கர் 7-இல்தான் செய்கிறோம். எங்கள் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டால் பேஜ்மேக்கரும் பழைய தமிழ் ஃபான்ட்களும் அப்படியே வேலை செய்யுமா? ஒரு ஃபான்ட் பேக்கேஜுக்கு யுஎஸ்பி டாங்கிள் (செருகினால்தான் நிரல் ஓடும் பூட்டுச்சாவி) இருக்கிறது.

பதில்: பேஜ்மேக்கரைத் திறக்க வைப்பதை விட, அதில் தமிழ் பிசகாமல் வருவதும் டாங்கிள் வேலை செய்வதும்தான் கடினம். இந்த இரண்டையும் சோதித்துத் தெளிவாகும் வரை இப்போதுள்ள ஹார்டு டிஸ்கில் கை வைக்காதீர்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டு, புதியதில் மின்ட்டை நிறுவுங்கள். சித்திரையிலும் ஆடியிலும் கொடை நோட்டீஸ் குவியும் நேரத்தில் ஏதாவது மக்கர் செய்தால் பழைய டிஸ்கை மாட்டி வேலையை முடித்துக் கொடுத்துவிடலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதால், அந்த டிஸ்கில் ஓட்டும்போது நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள்.

லினக்ஸில் விண்டோஸ் நிரலை ஓட்டுவது வைன் என்ற நிரல். ஜன்னல் திறக்க, ஃபைல் படிக்க, பிரிண்ட் கொடுக்க என்று ஒவ்வொன்றுக்கும் நிரல் விண்டோஸிடம்தான் கேட்கும். வைன் அந்தக் கேள்விகளை வாங்கி லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிறது. ப்ராசசரைப் போல நடிக்கும் வேலை இதில் இல்லை. அதனால் பழைய மெஷினிலும் வேகம் பெரிதாகக் குறையாது. ஆனால் விண்டோஸ் கெர்னலுக்குள் (அதன் மையப்பகுதிக்குள்) உட்காரும் டிரைவர்களை வைன் ஓட்டாது. உங்கள் டாங்கிள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

வைனைக் கையாள மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரில் ‘பாட்டில்ஸ்’, ‘பிளாட்சீல்’ இரண்டையும் பிளாட்பேக் (நிரலைத் தனிப்பெட்டியில் அடைத்துத் தரும் முறை) வடிவில் எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டில்ஸில் புதிய பாட்டில் (விண்டோஸ் நிரலுக்கான தனி இடம்) ஒன்றை ‘அப்ளிகேஷன்’ வகையில் உருவாக்கி, பேஜ்மேக்கரின் செட்டப் ஃபைலை அதற்குள் ஓட்டுங்கள். நிரல் தகராறு செய்தால் செட்டிங்ஸில் விண்டோஸ் பதிப்பை எக்ஸ்பி என்று மாற்றிப் பாருங்கள். பிளாட்பேக்காக வரும் பாட்டில்ஸ் உங்கள் ஃபோல்டர்களைத் தானாகப் பார்க்காது. வாடிக்கையாளர் ஃபைல்களைக் காணோம் என்று பலர் திண்டாடுவது இதனால்தான். பிளாட்சீலில் பாட்டில்ஸைத் தேர்ந்தெடுத்து, அந்த ஃபோல்டருக்கு அனுமதி கொடுங்கள். பிரிண்டிங் சிஸ்டம் என்ற சுவிட்சையும் அங்கேயே பார்த்துப் போட்டுவிடுங்கள்.

இனி ஃபான்ட். பாட்டிலின் சி டிரைவைத் திறந்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் உங்கள் ஃபான்ட்களை காப்பி செய்யுங்கள். பாமினி வைத்திருந்தால் வேலை சுலபம். எம் விசையை அடித்தால் அ வரும். விசைக்கு எழுத்து என்று நேரடியாக அமைந்த ஃபான்ட் அது, தனி கீபோர்டு நிரல் தேவையில்லை. டேப் (TAB), டிஸ்கி (TSCII) போன்ற எழுத்து முறைகளில் அமைந்த ஃபான்ட்கள் வேறு மாதிரி. இவற்றில் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட எண்களில் உட்கார்ந்திருக்கின்றன. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதை நிரல் கோட்பேஜைப் (எண்–எழுத்துப் பட்டியல்) பார்த்துத்தான் முடிவு செய்யும். தமிழுக்கு விண்டோஸில் அப்படி ஒரு கோட்பேஜே கிடையாது. இந்த ஃபான்ட்கள் எல்லாம் ஆங்கிலத்துக்கான 1252 என்ற கோட்பேஜை நம்பிச் செய்யப்பட்டவை. ஆகவே மின்ட்டைத் தமிழில் வைத்திருந்தாலும் பாட்டிலின் மொழியை ஆங்கிலமாகவே வையுங்கள். தமிழ் மீது உள்ள பிரியத்தில் இதைத் தமிழாக்கினால் எழுத்துக்குப் பதில் கட்டமும் கேள்விக்குறியும் வரும்.

டிஸ்கியில் இன்னொரு நுணுக்கம். அதில் இ என்ற எழுத்து 173-ஆம் இடத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டுக்கான இடம் அது; சில நிரல்கள் அதை விழுங்கிவிடும். மற்றதெல்லாம் சரியாக இருந்து இ மட்டும் மாயமானால் காரணம் இதுதான். பின்னால் வந்த டிஸ்கி 1.7-இல் இதற்காகவே இ-யை 254-ஆம் இடத்திலும் வைத்தார்கள்.

கண்ணால் பார்த்துச் சரி என்று விட்டுவிடாதீர்கள். 247 எழுத்துகளையும் எண்களையும் ஒரே பக்கத்தில் அடித்து, பழைய டிஸ்கிலிருந்து ஒரு பிரிண்ட், புதியதிலிருந்து ஒரு பிரிண்ட் எடுங்கள். லைட் டேபிளில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் காணாமல்போன கொம்பும் காலும், தள்ளிப்போன வரியும் உடனே தெரியும். வரி தள்ளிப்போனால் பேஜ்மேக்கரின் டாக்குமெண்ட் செட்டப்பில் எந்தப் பிரிண்டர் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்த நிரல் பிரிண்டரைக் கணக்கில் வைத்துத்தான் பக்கத்தை அமைக்கிறது; பிரிண்டர் மாறினால் வரி உடைவதும் மாறலாம். கொடை நோட்டீஸில் கோயில் வரி கொடுத்தவர் பெயர் அடுத்த பத்திக்கு ஓடினால் ஊரே கேட்கும்.

பிரிண்டரை முதலில் லினக்ஸில் சேர்த்து, அங்கே டெஸ்ட் பக்கம் ஓடிய பிறகுதான் பேஜ்மேக்கரைத் திறக்க வேண்டும். விண்டோஸ் சிடியில் உள்ள பிரிண்டர் டிரைவரை பாட்டிலில் ஏற்றி ஒரு பயனும் இல்லை. கேனான் எல்பிபி 2900 வைத்திருந்தால் முன்கூட்டியே சோதியுங்கள். அது கேப்ட் என்ற தனி முறையில் ஓடுவது, லினக்ஸில் படுத்தி எடுக்கும்.

டாங்கிள் உள்ள பேக்கேஜுக்கு வைனோடு மல்லுக்கட்ட வேண்டாம். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் 32 பிட் விண்டோஸ் 7 ஒன்றை உங்களிடம் உள்ள லைசன்ஸில் நிறுவுங்கள். கம்ப்யூட்டரில் 8 ஜிபி ராம் இருந்தால் 2 ஜிபி அதற்கு, டிஸ்க் 32 ஜிபி போதும். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆனில் இருக்க வேண்டும். உங்கள் யூசரை விபாக்ஸ்-யூசர்ஸ் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள்; இதை விட்டால் யுஎஸ்பி பட்டியல் வெறுமையாகவே இருக்கும். பிறகு டாங்கிளைச் செருகி, யுஎஸ்பி ஃபில்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 பதிப்பு முதல் யுஎஸ்பி 2, 3 இரண்டுக்கும் தனி எக்ஸ்டென்ஷன் பேக் தேவையில்லை. விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் அடாப்டரைத் துண்டித்துவிடுங்கள். அதற்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணை நிரலைப் போட்டால் ஷேர்டு ஃபோல்டர் வழியாக ஃபைல் வந்துபோகும். கரண்ட் அடிக்கடி போகிற இடமாக இருந்தால் யுபிஎஸ் இல்லாமல் இதை ஓட்டாதீர்கள். திடீரென்று அணைந்தால் விர்ச்சுவல் டிஸ்க் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

எல்லாம் செட்டான அன்றே விர்ச்சுவல் மெஷினை அணைத்து, அதன் முழு ஃபோல்டரையும் வெளி டிஸ்கில் ஒரு காப்பி எடுங்கள். பாட்டில்ஸிலும் பேக்கப் வசதி உண்டு, அதையும் அங்கேயே போடுங்கள். பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களில் அவசரத்துக்கு வாசகம் மட்டும் வேண்டுமானால் லிப்ரெஆபிஸ் டிரா அவற்றைத் திறக்கும். அமைப்பு கலையும், அச்சுக்கு ஆகாது. அங்கும் எழுத்து தெரிய அதே ஃபான்ட்களை லினக்ஸிலும் நிறுவியிருக்க வேண்டும்.