பனி போதுமா மிளகாய்க்கு? வாசகர் கேள்விகள்

முண்டு மிளகாய் போட்டிருக்கிறோம். தை பிறந்ததும் மழை நின்றுவிடும். பனியை நம்பித் தண்ணீர் பாய்ச்சாமல் விடலாமா? (திருப்புல்லாணி)

தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். ஆனால் வேர்வரை துளைக்காது. நன்றாகப் பனி கொட்டும் இரவில் 0.2 மி.மீ. என்று வைத்தாலும் ஏக்கருக்குச் சுமார் 800 லிட்டர்தான். பகலில் செடி செலவழிப்பது அதைப்போலப் பல மடங்கு. அதற்காகப் பனி வீண் என்று சொல்ல மாட்டேன். காலை வெயில் முதலில் இலை மேல் உள்ள ஈரத்தைத்தான் உலர்த்தும். அது காயும்வரை செடி தன் தண்ணீரை அவ்வளவாக இழக்காது. வாடிய இலை கொஞ்சம் பனியை நேராகவே உறிஞ்சிக்கொள்ளவும் செய்யும். மானாவாரிச் செடிக்கு இது பெரிய ஒத்தாசை. ஆனால் பூவெடுக்கும் சமயத்தில் மண் காய்ந்துவிட்டால், ஊருணியிலோ கிணற்றிலோ நல்ல தண்ணீர் இருக்கிறவர்கள் ஓர் உயிர்த்தண்ணீர் விட்டுவிடுங்கள்.

ஒருநாள் கொட்டுகிறது, மறுநாள் சொட்டுகூட இல்லையே? (தொண்டி)

கடலோரத்தில் ஈரக்காற்றுக்குப் பஞ்சமில்லை. இலை குளிர்வதுதான் கேள்வி. மேகமில்லாத இரவில் இலை தன் சூட்டை வானத்துக்கு விட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். மேகம் மூடினாலோ வாடை ஓங்கி அடித்தாலோ அது நடக்காது. வேப்பமரத்தடி காய்ந்தே கிடப்பதும் இதனால்தான்.

பனி ஈரத்தில் மருந்து அடிக்கலாமா?

வேண்டாம், வழிந்துவிடும். அடுப்புச் சாம்பல் தூவுவதாக இருந்தால் அதுதான் சரியான நேரம்; நன்றாக ஒட்டும்.

பனிக்காலத்தில் பழம் அழுகுகிறது. (உச்சிப்புளி)

விடிந்தும் நெடுநேரம் ஈரம் காயாமல் நின்றால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். செடிகளை நெருக்கி விடாதீர்கள். காற்று புகுந்து வரட்டும். களத்தில் காயும் பழத்தைச் சாயங்காலமே குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். காலையில் அவசரப்பட்டு உருவினால், தார்ப்பாய்ச் சுருக்கங்களில் தேங்கிய பனிநீர் அத்தனையும் பழத்தின் மேலேயே கொட்டும். ஓரமாக வடித்துவிட்டு எடுங்கள். இந்தச் சின்ன விஷயத்தில் கோட்டைவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கடலோரப் பனியில் உப்பு இருக்குமா?

பனி நல்ல நீர்தான். கடற்காற்றில் வந்து இலையில் படிந்த உப்பு அதில் கரைகிறது; சொட்டி விழுந்தால் இலை கழுவிய மாதிரி ஆகிவிடும். சொட்டாமல் இலையிலேயே காய்ந்தால், உப்பு ஓரங்களில் சேர்ந்து கருகல் காட்டும். கடலுக்கு மிக அருகில் தோட்டம் போடுகிறவர்கள் காற்று வரும் பக்கம் சவுக்கு வரிசை வைப்பது நல்லது.