எல்லாரும் தலையாட்டுகிறார்கள், வேலை மட்டும் நகரவில்லை

கேள்வி: சிங்கப்பூரில் சாங்கி வட்டாரத்தில் ஒரு நிறுவனத்தில் மூன்று மாதமாக மேலாளராக இருக்கிறேன். என் குழுவில் சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோ, சென்னையிலிருந்து நால்வர், ஜெர்மனியிலிருந்து ஒருவர். மீட்டிங்கில் எல்லாரும் "ஓகே" என்கிறார்கள். கெடு நாளில்தான் வேலை பாதியில் நிற்பது தெரிகிறது. ஜெர்மன்காரர் மட்டும் எல்லார் முன்னிலையிலும் என் திட்டத்தில் குறை சொல்கிறார். எனக்கு மரியாதையே இல்லையா?
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் கேட்கும் விதத்தை மாற்றினால் போதும். "வெள்ளிக்குள் முடியுமா?" என்று பத்துப் பேர் நடுவில் மேலாளர் கேட்டால், "முடியாது" என்பது உங்களை எதிர்த்துப் பேசுவதுபோல் பலருக்குத் தோன்றும். அதனால் ஓகே சொல்லிவிடுகிறார்கள்.

ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளை விடுங்கள். முதலில் எதைத் தொடுவீர்கள், யாரிடமிருந்து என்ன வர வேண்டும், எங்கே இழுக்கும் என்று கேளுங்கள். மூன்றாவதற்கு "ஒன்றுமில்லை" என்று பதில் வந்தால், பெரும்பாலும் அவர் வேலையை இன்னும் திறந்தே பார்க்கவில்லை. இதை மீட்டிங்குக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்.

பேசவேண்டிய விவரங்களை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். மீட்டிங்கின் முதல் பத்து நிமிடம், பகிர்ந்த ஆவணத்தில் எல்லாரும் கருத்தை எழுதட்டும். பிறகு இளையவர் முதலில் பேசட்டும், நீங்கள் கடைசியில் பேசுங்கள். நீங்கள் முந்திக்கொண்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள். எந்த நாட்டவரானாலும் பதவி அந்த வேலையைச் செய்யும்.

ஒன்றை மறக்க வேண்டாம். யாராவது முதன்முறையாகத் தாமதத்தை முன்கூட்டியே சொல்லும்போது, உங்கள் முகத்தை மொத்தக் குழுவும் கவனிக்கும். "சொன்னதற்கு நன்றி, எத்தனை நாள் தள்ளும்?" என்பதோடு நிறுத்துங்கள். அங்கே கடிந்துகொண்டால் அடுத்த தகவல் கெடு நாளில்தான் வரும்.

ஜெர்மன்காரர் திட்டத்தைத்தான் விமர்சிக்கிறார். அங்கே பல வேலையிடங்களில் அது வேலையில் காட்டும் அக்கறை. அவரை அடக்காதீர்கள், குழுவுக்கு அவர் தேவை. ஆட்சேபங்களை மீட்டிங்குக்கு முந்தின நாளே எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மற்றவர்கள் வேலையில் குறை இருந்தால் அவரவரிடம் தனியாகப் பேசும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள். காரணத்தையும் சொல்லிவிடுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம்.

சென்னை நால்வர் விஷயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மொழி ஒன்று என்பதால் பழக்கமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். இங்கே பெயர் சொல்லி அழைக்கும் அலுவலகத்தில் அவர்கள் "மேடம்" என்றால், மறுத்துப் பேசத் தயங்குவார்கள் என்று எதிர்பாருங்கள். நம்மவர் என்ற உரிமையில் இரவு பத்து மணிக்கு நீங்கள் வேலை கொடுத்தால் மறுக்க இன்னும் கூச்சப்படுவார்கள். கலப்பான மீட்டிங்கில் அவர்களிடம் தமிழில் ஒரு வரி பேசினாலும், உடனே அதை ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தங்களுக்குத் தெரியாமல் முடிவெடுக்கப்படுவதாக மற்றவர்கள் நினைப்பார்கள்.

"சீனர் இப்படி, இந்தியர் அப்படி" என்று பட்டியல் போடும் பயிற்சிகளை அளவோடு நம்புங்கள். அவற்றில் பலவற்றுக்கு மூலம், டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் 1967 முதல் 1973 வரை கணினி நிறுவனமான ஐபிஎம்மின் ஊழியர்களிடம் திரட்டிய பதில்கள். அவை நாடுகளின் சராசரி, எதிரில் இருக்கும் ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் ஒதுக்கி, என் முடிவு தவறு என்று பட்டால் எப்படிச் சொல்ல விரும்புவீர்கள், எத்தனை மணிக்குமேல் தொடர்புகொள்ளக் கூடாது, ஆண்டில் எந்த நாள்கள் உங்களுக்கு முக்கியம் என்று கேளுங்கள். பொங்கலும் தைப்பூசமும் இங்கே பொது விடுமுறை அல்ல என்பது நமக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் அப்படி நாள்கள் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் 1 முதல் 2 வரை தொழுகை நேரம், அதில் மீட்டிங் வைக்காதீர்கள். நோன்பு மாதத்தில் குழு விருந்தை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடாத சீனர்களும் உண்டு, கேட்டுவிட்டு உணவு சொல்லுங்கள்.

கெடுவைத் தேதி, மணி, எந்த ஊர் நேரம் என்று மூன்றும் சேர்த்து எழுதுங்கள். யாராவது சென்னையிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ இணையும் மீட்டிங்குக்குச் சிங்கப்பூர் மாலை 4.30 தோதானது. அப்போது சென்னையில் பிற்பகல் 2, ஜெர்மனியில் கோடையில் காலை 10.30. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். பிறகு அது 9.30 ஆகிவிடும், அழைப்பிதழ்களை அந்த வாரமே சரிபாருங்கள்.