வாசகர் கேள்வி – பதில்: அடிக்குறிப்புகள் மட்டுமே உள்ள கதை

கேள்வி: பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடந்த புத்தகக் கண்காட்சியில், ‘மரபை மீறிய கதைகள்’ என்று அட்டையிலேயே அச்சிடப்பட்டிருந்த ஒரு சிறுகதைத் தொகுப்பை ஆவலுடன் வாங்கினேன். ஒரு கதை முற்றுப்புள்ளியே இல்லாமல் ஆறு பக்கங்களுக்கு ஓடுகிறது. இன்னொன்றில் அடிக்குறிப்புகள் மட்டுமே உள்ளன. அவற்றுக்கு மேலே இருக்க வேண்டிய கதையைக் காணவில்லை. வேறொன்றில் தொடர்மாடி வீடொன்றின் சுவர்கள் நாளுக்கு நாள் நெருங்கி வருகின்றன. ஏனென்று கடைசிவரை தெரியவில்லை. கதைச்சுருக்கம் தேடுவோருக்கு இவை பிடிபடமாட்டா என்று முன்னுரை வேறு சொல்கிறது. பள்ளிக் காலத்திலிருந்து சிறுகதைகள் படித்துவரும் எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம் என் ரசனையின் குறையா?
– வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: இல்லை. அத்தொகுப்பை நானும் படித்தேன். உங்கள் ஏமாற்றத்தில் பெரும்பகுதி நியாயமானது. ஒரு கதையில் மட்டும் உங்களுடன் உடன்பட முடியவில்லை.

மரபை மீறுவது தமிழ்ச் சிறுகதைக்குப் புதிதல்ல. நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டு மன ஓட்டத்தையே கதையாக்கிய மௌனியைச் ‘சிறுகதையின் திருமூலர்’ என்று புதுமைப்பித்தன் குறிப்பிட்டார். அந்தப் புதுமைப்பித்தனே 1943இல் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எழுதி, கடவுளைச் சென்னைத் தெருவில் இறக்கிவிட்டார். ஆனால் கடவுள் வருவதற்கு முன்பே, டிராமில் போனால் மிஞ்சும் காலணாவில் வெற்றிலை பாக்குப் போடலாமா, பஸ்ஸில் போனால் அரைக் கப் காப்பி குடிக்கலாமா என்று கந்தசாமிப் பிள்ளை தெருமுனையில் நின்று கணக்குப் பார்க்கிறார். அந்தக் காலணாக் கணக்கை நம்பிவிட்ட வாசகர் கடவுளையும் தயக்கமின்றி நம்பிவிடுகிறார். நீங்கள் குறிப்பிட்ட தொடர்மாடிக் கதையில் இல்லாதது இதுதான். சுவர் ஏன் நெருங்குகிறது என்று ஆசிரியர் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவ்வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், வாடகை யார் கட்டுகிறார், கட்டிலை எங்கே நகர்த்தினார்கள் என்பவை கூடத் தெரியாதபோது, சுவர் நெருங்கினாலென்ன விலகினாலென்ன என்றுதான் தோன்றும். முற்றுப்புள்ளியில்லாக் கதையும் அப்படியே. புறக்கோட்டைக்கு 101ஆம் இலக்க பஸ்ஸில் சாவகாசமாகப் போகும் ஒருவரின் நினைவுகளுக்கு அந்த மூச்சுமுட்டும் வேகம் எதற்கு? காலி வீதி நெரிசலில் நின்று நின்று போகும் பஸ்ஸுக்கு முற்றுப்புள்ளிகள்தாம் பொருத்தம்.

அடிக்குறிப்புக் கதைக்கு வருகிறேன். அதை அவசரமாகப் புரட்டிவிட்டீர்களோ என்று எண்ணுகிறேன். அந்தக் குறிப்புகள் யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றுக்கு எழுதப்பட்டவை. கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை, வடக்கு வேலியோரத்துப் பனைகள், சீதனமாக எழுதிக் கொடுத்தவரின் கைநாட்டு என ஒவ்வொன்றும் ஓர் இலக்கத்தின் கீழ் விளக்கப்படுகிறது. மேலே உறுதி இல்லை, ஏனெனில் அது வீட்டோடு எரிந்துவிட்டது. கொழும்பில் இருந்துகொண்டு மகள் நினைவிலிருந்து குறிப்புகளை மட்டும் எழுதுகிறாள். ஏழாவது குறிப்பில் கிணற்றுப் பங்குக்காரரின் பெயர் வரவேண்டிய இடத்தில், அவர் துலாவில் நின்று தண்ணீர் இறைத்தபடி பாடிய தேவாரத்தின் முதலடி மட்டுமே இருக்கிறது. இக்கதையை நேர்கோட்டில், இழந்த வீட்டைப் பற்றிய ஒரு சோகக் கதையாக எழுதியிருந்தால், நாம் ஏற்கெனவே பலமுறை படித்த கதையாகிவிட்டிருக்கும். இங்கே வடிவம் பொருளிலிருந்தே பிறந்திருக்கிறது. ஆகவே இந்த ஒன்றை மட்டும், இலக்க வரிசை மாறாமல், மெதுவாக மீண்டும் படித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முன்னுரையைப் பற்றி: பிடிக்காவிட்டால் பழி உங்களுடையது என்று வாசகருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது மரியாதையன்று, அது அந்த அடிக்குறிப்புக் கதைக்கும் தீங்கு செய்திருக்கிறது. நீங்கள் அதனருகே வந்தபோது, முன்னுரையாலும் முந்தைய கதைகளாலும் சலித்துப் போயிருந்தீர்கள். பதிப்பாசிரியர் அதைத் தொகுப்பின் முதற் கதையாக வைத்திருக்கலாம்.