கடைக்கண்டத்து வயலும் ஏழு நாள் தண்ணீரும்

கேள்வி: உன்னிச்சைக் குளத்து வாய்க்காலின் கடைசியில், மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் வயல் இருக்கிறது. சிறுபோகத்தில், அதாவது வெயில்காலப் போகத்தில், மூன்று மாத நெல் விதைக்கிறேன். ஏழு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வருகிறது. போன சிறுபோகம் குடலையில், கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கும் பருவத்தில், காய்ந்து பாதி மணி பிடிக்காத சப்பியாகிவிட்டது. குறைந்த தண்ணீரில் வெள்ளாமை செய்ய வழி இருக்கிறதா, அல்லது நெல்லை விட்டுச் சோளம் போடுவதா? எந்நேரமும் தண்ணீர் நிற்காவிட்டால் புல் எழும்பிவிடும் என்று அப்பா சொல்வார்.

பதில்: தம்பி, அப்பா சொன்னது முதல் மூன்று கிழமைக்குச் சரி. அதற்குப் பிறகு அவ்வளவு சரியில்லை. நெல் தண்ணீருக்குள் நிற்கக்கூடிய பயிர்தான், ஆனால் தண்ணீருக்குள் நின்றே ஆகவேண்டும் என்றில்லை. வேர் இருக்கும் இடத்தில் ஈரம் இருந்தால் அதற்குப் போதும்.

பயிர் முளைத்த பிறகு தண்ணீரை எப்படி மிச்சம் பிடிப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய இழப்பு அதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஒரு ஏக்கரில் ஒரு அங்குலத் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 1 லட்சம் லீற்றர். மாரி வெள்ளாமை வெட்டியதும் வயலை மாட்டுக்கு விட்டுவிட்டு, குளத்து மதகான துருசு திறக்கும் வரை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குள் களிமண் தரை கைவிரல் போகுமளவுக்கு வெடித்துவிடும். முதல் தண்ணீர் வரும்போது, வரம்பில் தண்ணீர் பாயும் வாயான வக்கடையடியில் நின்று பாருங்கள். தண்ணீர் வயலுக்குள் பரவாது, வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். வாய்க்கால் தலைப்பில் வயல் உள்ள தலைக்கண்டத்துக்காரருக்கு அது நட்டமில்லை, பின்னால் இன்னும் வரும். உங்களுக்கு அப்படியில்லை. ஆகவே வெட்டு முடிந்து ஈரம் காயுமுன்னே மேலோட்டமாக ஒரு உழவு அடித்துவிடுங்கள். மேல்மண் பொடியாகி மூடிக்கொண்டால் கீழே ஈரமும் நிற்கும், வெடிப்பும் குறையும். டீசல் காசு கொஞ்சம் வலிக்கும்தான், ஆனாலும் செய்யுங்கள்.

முதல் தண்ணீருக்கும் விதைப்புக்கும் இடையில் சிலர் மூன்று நான்கு கிழமை இழுத்தடிப்பார்கள். உழவு மெசினுக்குக் காத்திருப்பு, விதைநெல்லுக்குக் காத்திருப்பு. அத்தனை நாளும் வெறும் சேறு வெயிலில் ஆவியாகிக்கொண்டிருக்கும். மெசினைப் பேசி வைத்துவிட்டுத் தண்ணீரை விடுங்கள். அப்புறம் வரம்பு. நண்டு வளையும் எலி வளையும் கண்ணுக்குத் தெரியாத வாய்க்கால்கள். காலையில் மம்பட்டியோடு வரம்பைச் சுற்றி ஒரு நடை நடந்து, கசியும் இடத்தைச் சேறு குழைத்து மிதித்து அடையுங்கள். சேற்றைச் சமப்படுத்தப் பலகை அடிப்பதிலும் கை சுருக்க வேண்டாம். வரவையில், அதாவது வரம்பு சூழ்ந்த வயல் துண்டில், ஒரு மூலை மேடாக இருந்தால், அந்த மேட்டை ஒரு அங்குலம் நனைக்க மறு மூலைப் பள்ளத்தில் நாலு அங்குலம் நிற்கவேண்டி வரும்.

இனி வளரும் பயிர். நாலு அங்குலக் குழாயில், கழிவுத் துண்டானாலும் சரி, ஒரு அடி நீளம் அறுத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பாதிக்குச் சற்று மேல் வரை இரண்டு விரல் இடைவெளியில் சுற்றிவரத் துளைபோடுங்கள். வரம்பிலிருந்து கைக்கெட்டும் தூரத்தில், மேடும் பள்ளமும் இல்லாத நடுத்தர இடத்தில், நாலு அங்குலம் வெளியே தெரிய மண்ணுக்குள் இறக்குங்கள். உள்ளே இருக்கும் சேற்றைக் கையால் அள்ளி வெளியே போட்டுவிடுங்கள். இதை மறந்தால் முழு வேலையும் வீண். இப்போது குழாய்க்குள் தெரியும் மட்டம்தான் மண்ணுக்குள் தண்ணீர் நிற்கும் மட்டம். மேலே தரை காய்ந்து மெல்லிய வெடிப்பு விழத் தொடங்கியிருக்கும், மனம் பதறும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் நாலு விரல் கீழே தண்ணீர் பளபளக்கும். தரையிலிருந்து ஆறு அங்குலம் கீழே இறங்கும் வரை பயமில்லை. இறங்கியதும் இரண்டு அங்குலம் நிற்குமாறு தண்ணீர் கட்டுங்கள், மறுபடி இறங்க விடுங்கள். பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது. ஒழுங்காகச் செய்தால் பாசன நீரில் 30 வீதம் வரை மிஞ்சும், விளைச்சலும் பெரிதாகக் குறையாது.

உங்கள் ஏழு நாள் முறைக்கு இது பொருந்துமா? கணக்குப் பாருங்கள். இரண்டு அங்குலம் என்பது 50 மில்லிமீற்றர். சிறுபோக வெயிலில் பயிரும் தரையுமாக நாளுக்கு 5 அல்லது 6 மில்லிமீற்றர் இழுக்கும். கீழே கசிவது களித்தரையில் இன்னும் 3, 4. ஆக ஐந்தாம் ஆறாம் நாளில் மேல்தண்ணீர் முடியும். ஏழாம் நாள் அடுத்த முறை வரும்போது குழாய்க்குள் மட்டம் கீழே இருக்கும், பயிர் வாடியிருக்காது. அதாவது உங்களுக்குக் கிடைக்கும் தண்ணீர் இந்த முறைக்குச் சரியாகப் பொருந்துகிறது, வரவேண்டிய நாளில் வந்தால். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அனலாக அடிக்கும் கிழமைகளில் மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். அப்போது தினமும் குழாயைப் பாருங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மணல் கலந்த வயல் ஒன்றில் இதே குழாயை நட்டுவிட்டு, ஆறு அங்குலம் என்று புத்தகத்தில் இருந்தபடி காத்திருந்தேன். மூன்றாம் நாளே இலை சுருண்டுவிட்டது. வயல்காரர் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி தந்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணற்தரையில் மூன்று, நாலு அங்குலம் இறங்கியதுமே தண்ணீர் கட்டவேண்டும். உங்கள் வயல் வாவிக்கு அண்மையில் இருந்து உவர் பூக்கும் தரையானால் இந்த முறையே வேண்டாம். காயவிட்டால் உப்பு மேலே ஏறிவிடும்.

போன போகம் நடந்ததற்குக் காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள், குடலை. மற்ற எந்தப் பருவத்திலும் நெல் கொஞ்சம் பட்டினி கிடக்கும். குடலையிலிருந்து பூ முடியும் வரை கிடக்காது. எந்த வயதுடைய இனமானாலும் வெட்டுக்குச் சுமார் 30 நாளைக்கு முன் பூக்கும். மூன்று மாத நெல்லுக்கு அது அறுபதாம் நாளை ஒட்டி வரும். அதற்கு ஒரு கிழமை முன்பும் ஒரு கிழமை பின்பும் தண்ணீர் மேலே நிற்கவேண்டும், குழாயை மறந்துவிடுங்கள். குளம் குறைவாக இருக்கும் ஆண்டில் பத்தலகொட நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பீஜி 250 இனத்தை விதைத்துப் பாருங்கள். 80 நாளில் வெட்டுக்கு வரும், ஒரு தண்ணீர் முறையாவது மிஞ்சும். விளைச்சல் மூன்று மாத இனமான பீஜி 300 அளவுக்கு வராமல் போகலாம், ஆனால் சப்பியை விட மேல்.

அப்பாவின் புல்லுக்கு வருவோம். விதைத்து முதல் மூன்று கிழமை மெல்லிய தண்ணீர் நிற்கட்டும், களைநாசினியையும் அதற்குள் அடித்துவிடுங்கள். பயிர் தரையை மூடிவிட்டால் பிறகு வரும் கோரைக்கு வெளிச்சம் கிடைக்காது. முன்போகத்தில் பன்றி நெல் என்னும் களைநெல் நிறைய இருந்த வயலில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். யூரியாவை நிற்கும் தண்ணீரில் எறியாதீர்கள். தண்ணீர் முறை வரும் நாளன்று, மேலே தண்ணீர் வற்றிய தரையில் போட்டுவிட்டு உடனே தண்ணீர் கட்டினால் பசளை வேருக்கு இறங்கும்.

சோளம் நெல்லை விட மிகக் குறைந்த தண்ணீரில் வளரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பக்கத்து வரவையில் நெல் நின்றால் அந்தக் கசிவிலேயே சோளத்தின் வேர் அழுகும். ஒரே வாய்க்காலில் பத்துப் பேர் சேர்ந்து மாறினால்தான் அது ஓடும். தனியாகச் செய்வதானால் மேட்டுப் பக்கத்து அரை ஏக்கரில், வரம்போரம் வடிகால் வெட்டி, பயறு போட்டுப் பாருங்கள். இரண்டு மாதச் சொச்சத்தில் முடிந்துவிடும்.

இன்னொன்று உண்டு, இதைச் சொல்லாமல் விடமுடியாது. கடைக்கண்டத்தில் நீங்கள் மிச்சம் பிடிக்கும் தண்ணீர் உங்களுக்கென்று எங்கும் சேராது. குளத்தில் ஒரு பங்கு குடிநீருக்கும் போகிறது, மீதியில் மேலே இருப்பவர் எடுத்தது போகத்தான் உங்களுக்கு. 1981 சிறுபோகத்தில், கல்லோயாத் திட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் சேனநாயக்க சமுத்திரம் என்ற குளத்தில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அந்த ஆண்டு கல்லோயா இடதுகரை விவசாயிகள் சிறு சிறு குழுவாகக் கூடி, கூலியில்லாமல் வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்துத் தண்ணீர் எடுத்து, மிஞ்சியதைக் கடைக்கண்டத்துக்கு விட்டார்கள். புதிய இயந்திரம் ஒன்றும் வந்து செய்ததல்ல அது.

ஆகவே முதல் குழாயை உங்கள் வயலில் நடவேண்டாம். தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாரைப் பிடித்து, வாய்க்கால் தலைப்பில் எந்நேரமும் முழங்காலளவு தண்ணீர் நிற்கும் வயல் எதுவோ அதில் நடச் சொல்லுங்கள். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்குப் போகும்போது துளைபோட்ட துண்டு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள்.