லைசோசோமும் ரைபோசோமும் குழம்பினால் உயிரியலை விட்டுவிட வேண்டுமா?

வணக்கம் ஐயா. "செல்லின் பாகங்களைப் படம் போட்டுக் காட்டினாலும் என் மகள் லைசோசோம் எது, ரைபோசோம் எது என்று தடுமாறுகிறாள். இவளுக்கு எதற்கு உயிரியல், வேறு பிரிவுக்கு மாற்றிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். காதுக்கு ஒன்றுபோல ஒலிக்கும் இரண்டு பெயர்களை மாற்றிச் சொல்வதை வைத்து ஒரு பிள்ளையின் படிப்பை முடிவு செய்ய முடியாது. நான் வேறு விதமாகச் சோதித்துப் பார்ப்பேன். அதை நீங்களே வீட்டில் செய்யலாம்.

ஒரு உருளைக்கிழங்கிலிருந்து ஒரே அளவில் இரண்டு மெல்லிய துண்டுகளை நீளவாக்கில் வெட்டுங்கள். ஒன்றை வெறும் தண்ணீரிலும் மற்றொன்றை நன்றாக உப்புக் கரைத்த தண்ணீரிலும் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். முதல் துண்டு விறைப்பாக நிற்கும். உப்பில் கிடந்தது தொய்ந்து வளையும். ஏன் என்று மகளிடம் கேளுங்கள். "சவ்வூடுபரவல்" என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனால் அது மனப்பாடம். "உள்ளே இருந்த தண்ணீர் செல் சவ்வு வழியாக வெளியே போயிருக்கிறது, வெளியே உப்பு அதிகம்" என்று தட்டுத்தடுமாறியாவது சொன்னால் அவளுக்கு உயிரியல் வரும்.

அப்புறம் அடுத்த கேள்விக்குப் போங்கள். நோயாளிக்கு ஏற்றும் குளுக்கோசோ சலைனோ கலக்காத சுத்தமான தண்ணீரை நேரே ரத்தத்தில் ஏற்றினால் என்ன ஆகும்? சிவப்பணுக்களுக்குள் தண்ணீர் புகுந்து அவை ஊதி வெடிக்கும். அதனால்தான் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. அந்த அளவில் செல் ஊதுவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. உருளைக்கிழங்கில் பார்த்த அதே விஷயம்தான் மருத்துவமனைக் கட்டில் வரை வருகிறது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். காலரா வந்தவருக்கு வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. அதில் குளுக்கோசும் சேர்த்தால் உறிஞ்சும். குடல் செல்லின் சவ்வில் சோடியமும் குளுக்கோசும் ஜோடியாக மட்டுமே நுழையும் ஒரு வாசல் இருக்கிறது; அவை உள்ளே போனதும் தண்ணீர் பின்னால் போகும். காலரா நச்சு மற்றதையெல்லாம் தாறுமாறாக்கினாலும் இந்த வாசலைக் கெடுப்பதில்லை. 1960-ல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் இந்த வாசலை விளக்கினார். 1971-ல் வங்கதேசப் போரின்போது, சலைன் தீர்ந்துபோன ஒரு அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனோபிஸ் இந்தக் கரைசலை வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நோயில் இறப்பு நான்கு பேருக்கும் கீழே வந்தது. அதைக் குடிக்கக் கொடுத்தவர்களில் பெரும்பகுதி நோயாளிகளின் வீட்டாரே. செவிலியர், மருந்தாளுநர், பொதுச் சுகாதாரப் பணியாளர் எல்லோரும் தினமும் நம்பி நிற்பது இந்தச் சவ்வுப் பாடத்தைத்தான்.

நீங்கள் சர்க்கரைக்காக மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை எடுத்திருப்பீர்களோ என்னவோ, எடுத்தவர் யாரையாவது நிச்சயம் தெரிந்திருக்கும். அது ஏன் மூன்று மாதம்? சிவப்பணு வளரும்போதே தன் உட்கருவை வெளியேற்றிவிடுகிறது, ஆக்சிஜனைச் செலவழித்து ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவையும் அழித்துவிடுகிறது. ஹீமோகுளோபினுக்கு இடம் கிடைக்கிறது, சுமக்கும் ஆக்சிஜனைத் தானே செலவழிக்காமலும் இருக்கிறது. ஆனால் உட்கரு இல்லாததால் தன்னைப் பழுதுபார்த்துக்கொள்ள முடியாமல் சுமார் 120 நாளில் முடிந்துபோகிறது. அதுவரை ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரைதான் அந்தப் பரிசோதனையில் தெரிகிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவருக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால், ரத்தசோகையால் சிவப்பணு சீக்கிரம் அழியும் ஒருவரின் முடிவு ஏன் பொய்யாகக் குறைந்து காட்டுகிறது என்று புரியும். தெரியாதவர் எண்ணை மட்டும் எழுதிக் கொடுப்பார்.

சரி, அந்த ரைபோசோம் விவகாரம். பாகங்களின் பட்டியலை மூடி வைக்கச் சொல்லுங்கள். கணையச் செல் ஒன்றில் இன்சுலின் உருவாகி வெளியே போகும் வழியை மட்டும் ஒரு தாளில் வரையட்டும். உட்கருவில் இருக்கும் குறிப்பிலிருந்து ஒரு நகல் வெளியே வருகிறது, ரைபோசோம் அதைப் படித்துப் புரதத்தைக் கோக்கிறது, எண்டோபிளாச வலையும் கோல்கை உறுப்பும் அதைச் சீராக்கிப் பொட்டலம் கட்டுகின்றன, பொட்டலம் சவ்வில் சேர்ந்து திறக்கிறது. லைசோசோம் இந்த வழியில் வராது, அதன் வேலையே வேறு. அது வேண்டாததைச் சிதைக்கும் இடம். 1978-ல் மனித இன்சுலினை பாக்டீரியாவைக் கொண்டு செய்ய முடிந்ததும் பாக்டீரியாவுக்கு ரைபோசோம் இருப்பதால்தான். லைசோசோம் அதற்குக் கிடையாது. இதை ஒருமுறை வரைந்த பிள்ளை பிறகு இரண்டையும் குழப்பி நான் பார்த்ததில்லை.

வேலைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவம் ஒன்றுதான் வழி என்று நினைக்காதீர்கள்: ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம், மருந்தியல், நுண்ணுயிரியல், கரு வளர்ச்சியைப் படிக்கும் கருவியல், உயிரியல் தகவல்களைக் கணினியில் அலசும் உயிரித் தகவலியல், விதை ஆராய்ச்சி எல்லாம் இந்தச் செல்லிலிருந்தே கிளைக்கின்றன. ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். கல்லூரியில் உயிரியலில் பாதி வேதியியல்தான். என்னிடம் வந்தவர்களில் பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் அங்கேதான் சறுக்கினார்கள். செல்லின் பெயர்களை மறப்பதை விட, மகள் வேதியியலைக் கண்டு ஒதுங்குகிறாளா என்பதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

அதையும், உருளைக்கிழங்கைப் பார்த்து அவள் என்ன சொன்னாள் என்பதையும் அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி அனுப்புங்கள். பிரிவு மாற்றும் படிவத்தை அதுவரை நிரப்ப வேண்டாம்.