கசடு உலர்படுகை: ஏரி மணல் போதுமா?

கேள்வி: உகாண்டாவில், கம்பாலாவுக்கு வெளியே ஒரு சிறு ஊரில் சுகாதாரத் திட்டமொன்றில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். செப்டிக் டேங்க் லாரிகள் வாரத்தில் 5 நாள், நாளுக்கு 10 கன மீட்டர் கசடு கொண்டுவரும். இரண்டு பெரிய உலர்படுகை (தண்ணீரை அடியில் வடியவிட்டுக் கசட்டைக் காயவைக்கும் மணல் படுகை) போதும், பக்கத்து ஏரி மணலையே போட்டுவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். கம்பாலாவின் லுபிகி கசடு சுத்திகரிப்பு நிலையத்துப் படத்தையும் காட்டுகிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். லுபிகியில் கசடு முதலில் தொட்டியில் படிந்து கெட்டியான பிறகுதான் படுகைக்குப் போகிறது. உங்களிடம் அந்தத் தொட்டி இல்லை. அங்குள்ள படுகை அளவை அப்படியே எடுக்க முடியாது.

படுகையில் ஒரு தடவைக்கு 25 செ.மீ. உயரம் ஊற்றலாம். 10 கன மீட்டருக்கு 40 சதுர மீட்டர் ஆகும். அதுதான் ஒரு படுகை, லாரி வரும் நாளுக்கு ஒன்று நிரம்பும். அது காய இரண்டரை வாரமாவது விட வேண்டும், ஆக 13 படுகை. இரண்டே படுகை என்றால் மூன்றாம் நாளே பாதி காய்ந்த கசட்டின் மேல் புதுசை ஊற்றுவீர்கள். அடியில் அடைத்துக்கொள்ளும், அப்புறம் அது குளம்தான். அங்கே மார்ச் முதல் மே வரை ஒரு மழை, செப்டம்பரில் தொடங்கி இன்னொரு மழை. பக்கங்கள் திறந்த கூரை போடுங்கள்.

இனி மணல். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பூச்சு வேலைக்கு விற்கிற பொடி மணல் இதற்கு ஆகாது. 0.2 முதல் 0.6 மி.மீ. வரையான, கழுவிய மணல் வேண்டும். தரகர்கள் ஒரு கைப்பிடி நல்ல மணலைக் காட்டிவிட்டு ராத்திரியில் வேறொன்றை இறக்குவார்கள். நானே ஏமாந்திருக்கிறேன், ஒரு முழுப் படுகையை அள்ளி எறிந்தோம். ஏரி மணலானாலும் சரி, ஒவ்வொரு லாரியிலும், இறக்குவதற்கு முன், பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீரும் போட்டுக் குலுக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். மணலுக்கு மேல் நகக்கனம் சேறு படிந்தாலும் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். இறக்கிவிட்டால் யாரும் திரும்ப எடுத்துப் போக மாட்டார்கள். மணலுக்குக் கீழே பொடி ஜல்லி, அதற்கும் கீழே பெரிய ஜல்லி. வரிசை மாறினால் மணல் எல்லாம் அடியில் இருக்கும் வடிகுழாய்க்குள் போய்விடும். கசட்டைச் சீக்கிரம் காயவைக்கும் பாக்டீரியா பவுடர் என்று எவராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் கேட்பதில்லை. லாரி எங்கிருந்து வருகிறது? வீட்டு செப்டிக் டேங்கில் வருஷக்கணக்கில் கிடந்த கசடு என்றால் தண்ணீர் தானே பிரியும். சந்தை, பேருந்து நிலையக் கழிப்பறைகளிலிருந்து சில வாரத்துப் புதுக் கசடு வந்தால் எவ்வளவு நல்ல மணல் போட்டாலும் வடியாது, கூழாகவே நிற்கும். படுகை கட்டியவரைத் திட்டுவார்கள், பாவம், குற்றம் அவருடையது அல்ல. கானாவின் குமாசியில் செய்த சோதனையில் இப்படிப்பட்ட கசடு ஒரு பங்குக்கு செப்டிக் டேங்க் கசடு இரண்டு பங்கு கலந்தார்கள். நீங்களும் கலக்கத்தான் வேண்டும். அதற்கு வாசலில் ஒரு நோட்டு வைத்து, ஒவ்வொரு லாரியும் எங்கே அள்ளியது என்று எழுத ஒருவரை உட்கார வையுங்கள். ஆய்வகக் கருவிக்குப் பணம் தருகிற நிதியாளர்கள் இந்த ஆளுக்குச் சம்பளம் தர மாட்டார்கள்.

வடிகிற தண்ணீரும் அழுக்குதான், ஓடையில் விடாதீர்கள். காய்ந்த கசட்டிலும் குடற்புழு முட்டை உயிரோடு இருக்கும், உடனே வயலுக்குக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு விஷயம். ஒவ்வொரு தடவை சுரண்டி எடுக்கும்போதும் கசட்டோடு கொஞ்சம் மணலும் போகும். மதிப்பீட்டில் ‘பராமரிப்பு மணல்’ என்று எழுதினால் வெட்டிவிடுவார்கள். அதனால் கட்டும்போதே நாலு லாரி கூடுதலாக இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள்.