அழாத சிஸ்டர்

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மருத்துவமனையின் பாலியேட்டிவ் வார்டில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பெரும்பாலும் கடைசிக்கட்டப் புற்றுநோயாளிகள். முதல் வருடம் ஒவ்வொரு சாவுக்கும் அழுதேன். போன மாதம், என்னைப் 'பாப்பா' என்றே கூப்பிடும் தாத்தா ஒருவர் இறந்துபோனார். உடம்பைத் துடைத்து, கையெழுத்தெல்லாம் வாங்கி அனுப்பிவிட்டு நேரே போய்ச் சாப்பிட்டேன். ஒன்றுமே தோன்றவில்லை. அவருடைய மகள் என்னைப் பார்த்த பார்வை மட்டும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நைட் டியூட்டியில் சிலர் வலியில் கத்துவார்கள், டாக்டர் எழுதாமல் நான் எதுவும் கொடுக்க முடியாது. இப்போது அந்தச் சத்தமும் பழகிவிட்டது. இரக்கப்பட்டு இரக்கப்பட்டே மனசு களைத்துப்போகும் இதற்கு 'கம்பேஷன் ஃபேட்டிக்' என்று பெயராம், ஒரு வகுப்பில் சொன்னார்கள். தியானம் செய்யச் சொன்னார்கள். நான் கல்லாகிவிட்டேனா அக்கா? வேலையை விட்டுவிடலாமா? படிக்க ஏதாவது புத்தகம் சொல்வீர்களா? பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

புத்தகம் எதுவும் சொல்லப் போவதில்லை. தியானம் பிடித்தால் செய்யுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். வேலையை விடுவதைப் பற்றி உங்கள் உடம்பையும் வீட்டு வாடகையையும் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் 'கல்லாகிவிட்டேனா' என்று கேட்டிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்தவளுக்குப் பசித்திருக்கிறது, சாப்பிட்டிருக்கிறாள். இதில் என்ன குற்றம்?

உங்கள் கடிதம் வந்தது என் அத்தையின் திதி வந்த வாரத்தில். அத்தைக்கு வாயில் புற்றுநோய். கன்னத்தைத் துளைத்து வெளியே வந்த புண். அதன் நாற்றம் தாங்காமல் சொந்தக்காரர்கள் அறை வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட சிஸ்டர் அதிகம் பேசாதவர். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. பழைய காஸ் துணி புண்ணோடு ஒட்டியிருந்தால் இழுக்க மாட்டார். சலைன் விட்டு ஊறவைத்து, அது தானாகக் கழன்று வரும்வரை பேசாமல் காத்திருப்பார். அப்புறம் மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கி, புண்ணில் தூவி மூடுவார். சில நாட்களில் நாற்றம் அடங்கியது. பேரப்பிள்ளைகள் கட்டிலில் ஏறி அத்தை பக்கத்தில் உட்கார ஆரம்பித்தார்கள்.

அத்தை செத்த அன்று அந்த சிஸ்டர் அழவில்லை. அதை ஒரு குறையாகப் பேசியவர்கள் எங்கள் வீட்டில் உண்டு. அவர்களில் ஒருவர்கூட அந்தப் புண்ணை ஒரு தடவை துடைத்ததில்லை. காஸ் ஊறும்வரை காத்திருந்தாரே, அதைவிடப் பெரிய கருணையை நான் பார்த்ததில்லை. தாத்தாவின் உடம்பைத் துடைத்த உங்கள் கையிலும் அது இருந்திருக்கும். அதற்கு மேல் கண்ணீரும் வேண்டும் என்று கேட்பது பேராசை.

உங்களைத் தின்றுகொண்டிருப்பது சாவு என்று நான் நம்பவில்லை. நைட் டியூட்டியைப் பற்றிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதமே அதுதான். சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், டாக்டராவதற்கு முன் நர்ஸாக இருந்தவர். நோயாளி வலியில் கத்தும்வரை காத்திருக்கக் கூடாது, முந்தைய டோஸின் வேகம் குறைவதற்குள் அடுத்ததைக் கொடுத்துவிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். வாய்வழியாகக் கொடுக்கும் சாதாரண மார்ஃபின் என்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. நடுவில் வலி வந்தால் கொடுக்க எஸ்.ஓ.எஸ். டோஸும் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா?

நம் நாட்டில் என்ன நடந்தது? மார்ஃபின் எடுக்கிற அபினைச் சட்டப்படி பயிரிட்டு ஏற்றுமதி செய்கிற நாடு இது. 1985-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்ததும், லைசென்ஸுக்கு அலைய முடியாமல் பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபின் வாங்கி வைப்பதையே விட்டுவிட்டன. 1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்கில் போராடி, 2014-இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. அதற்குப் பிறகும் ஒரு டாக்டர் ராத்திரிக்கான மருந்தை எழுதாமல் வீட்டுக்குப் போகிறார் என்றால், கத்துகிறவர் பக்கத்தில் வெறுங்கையோடு விடியும்வரை நிற்பது நீங்கள். மருந்து இருக்கிறது, கொடுக்கவும் தெரியும், கொடுக்க முடியாது. இப்படி நின்றால் யாருக்கும் காது மரத்துத்தான் போகும். அதை உங்கள் மனசின் கோளாறாக்கி, கண்ணை மூடி மூச்சை கவனிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ராத்திரியில் எத்தனை கட்டிலுக்கு எத்தனை சிஸ்டர் என்று அந்த வகுப்பில் யாராவது கேட்டார்களா?

நீங்களும் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். யாருக்கு எத்தனை மணிக்கு வலி, பத்துக்கு எவ்வளவு, யாருக்கு போன் செய்தீர்கள், என்ன பதில் வந்தது என்று ஒவ்வொரு ராத்திரியும் நர்ஸிங் நோட்ஸில் எழுதுங்கள். காலை ஹேண்டோவரில் அதை எல்லார் முன்னாலும் வாசியுங்கள். தனியாகச் செய்ய வேண்டாம், கூட டியூட்டி பார்க்கும் சிஸ்டர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் டாக்டர் கிளம்பும்போது கேஸ் ஷீட்டை நீட்டி எஸ்.ஓ.எஸ். டோஸ் எழுதி வாங்குங்கள். மறந்துவிட்டுப் போனால் ராத்திரி இரண்டு மணியானாலும் போன் போடுங்கள். அவர் தூக்கம் கலைந்தால் கலையட்டும்.

அன்புடன்,
அக்கா